வேலி தாண்டிப் போன சோறு

தாடிக்கொம்பு ரோட்டிலிருந்து பிரிகிற மண் சந்தில் கடைசி வீடு கமர் மாமியுடையது. முழுப்பெயர் கமர்ஜஹான். வீட்டுக்கு அடுத்து ஒரு கம்பி வேலி. வேலிக்கு அந்தப்பக்கம் இளஞ்செழியன் அண்ணனின் தென்னந்தோப்பு. வெள்ளை ஈ விழுந்து காய்ப்பு குறைந்ததும் அண்ணன் பெங்களூர் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்து, குடுமி வளர்த்து, தோப்புக்குள் நாலு ஓலைக் குடிசை போட்டு, வெளிநாட்டுக்காரர்களுக்கு யோகா சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். தென்னைக்கு வந்த நோய் அப்படிப் பல பேரை உடம்பை வளைக்க வைத்திருக்கிறது.

வேலி ஓரமாக ஒரு கொய்யா மரம் உண்டு. அதன் கவட்டையில் உட்கார்ந்தால் இந்தப்பக்கம் மாமி வீடும் அந்தப்பக்கம் தோப்பும் ஒரே டிவியில் ரெண்டு சேனல் ஓடுகிற மாதிரி தெரியும். பத்தாம் வகுப்புக் கணக்கும் நானும் சண்டை சச்சரவு இல்லாமல் பிரிந்துவிட்டதால் மரத்தில் உட்கார எனக்கு நேரம் இருக்கிறது. இதற்கு மேல் எனக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கக்கூடாது.

மாமி தலையணையும் திண்டும் தைப்பவர். உறையைத் தைத்து, இலவம்பஞ்சை அடைத்து, வாயைப் பூட்டி முடிச்சுப் போடுவார். அதனால் அந்த வீட்டில் சித்திரை வெயிலிலும் ஃபேன் ஓடாது. ஓடினால் பஞ்சு எழுந்துவிடும். ஓடாவிட்டாலும் கொஞ்சம் எழுந்துகொண்டுதான் இருக்கும். ஜன்னல் வழியாக வெயில் விழுகிற நேரத்தில் உள்ளே எட்டிப் பார்த்தால் மேகம் ஒன்று வாடகைக்குக் குடிவந்த மாதிரி இருக்கும். மாமியின் புருவத்தில் பஞ்சு, முக்காட்டில் பஞ்சு. கோபமாகத் திட்டினாலும் வாயோரம் ஒரு பஞ்சு மிதந்து போவதைப் பார்த்தால் யாருக்குத்தான் பயம் வரும்?

மாமா கிதர் முகம்மது தோல் கிடங்கில் உப்புத் தடவுகிற வேலை பார்த்தார். சந்து முனையில் அவர் சைக்கிள் திரும்பும்போதே எங்கள் மூக்குக்குச் சேதி வந்துவிடும். பஞ்சு வாசத்தை இழுத்துக்கொள்ளும் என்று மாமி அவரை வாசலிலேயே நிறுத்தித் தண்ணி ஊற்றிக் குளிப்பாட்டித்தான் உள்ளே விடுவார். மாமாவும் மாடு மாதிரி பேசாமல் நிற்பார்.

கொரோனா ரெண்டாவது தடவை சுற்றி வந்தபோது மாமா ஆஸ்பத்திரிக்குப் போனார். வீட்டுக்குத் திரும்பவில்லை. அங்கிருந்தே கபர்ஸ்தானுக்குக் கொண்டுபோய் அடக்கிவிட்டார்கள். எங்கள் சந்து முனையில் தகரம் வைத்து அடைத்திருந்த காலம் அது.

எங்கள் ஆட்களில் ஒரு வீட்டில் மவுத்து, அதுதான் சாவு, விழுந்தால் மூன்று நாள் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. சொந்தமும் பக்கத்து வீடும் மாற்றி மாற்றிச் சோறு கொண்டுவரும். முதல் நாள் யார் வீட்டுச் சோறு, மூன்றாம் நாள் யார் வீட்டுச் சோறு என்று மவுத்து வீட்டு வாசலிலேயே முணுமுணுப்பாகச் சண்டை நடக்கும். அழுகிறவர்கள் கூட அதைக் கேட்டுச் சிரித்துவிடுவதுண்டு. கமர் மாமி வீட்டுக்கு மட்டும் அன்றைக்கு ஒருத்தரும் வரவில்லை. வர முடியவில்லை. மகள் ரஃபியா பசி தாங்காமல் சுவரோரம் சுருண்டு படுத்திருந்தது. மாமாவின் சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருக்கும்போதே மாமி எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தார்.

இதைப் பற்றி மாமி யாரிடமும் குறைப்பட்டதில்லை. தகரத்தைப் பிரித்த பிறகு எங்கள் அம்மா ஜீனத் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபோது மாமி சொன்னது ஒன்றுதான்.

"விடு ஜீனத். நானே அடுப்பப் பத்த வச்சேன். அதுபாட்டுக்கு எரிஞ்சுச்சு."

அதற்கப்புறம் அந்த வட்டாரத்தில் எந்த வீட்டில் மவுத்து என்றாலும் முதல் சோறு கமர் மாமி வீட்டிலிருந்துதான் போகும். அது எந்த மதத்து வீடாக இருந்தாலும் சரி. சண்டைக்கு வந்தவர்கள் எல்லாம் தோற்றுப்போனார்கள்.

இனி தோப்புக்கு வருவோம்.

தை மாதம். நிலக்கோட்டைப் பூ வண்டிகள் விடியலில் கரூர்ப்பக்கம் போகும்போது ரோடு முழுக்க மல்லிகை வாசத்தை இழுத்துக்கொண்டு போகும். அந்த வாசம் பனியில் சிக்கி எங்கள் சந்து வரைக்கும் வந்து செத்த நேரம் நிற்கும். அப்படி நின்றுகொண்டிருந்த ஒரு காலையில்தான் ஆட்டோ இஷாக் அண்ணன் ரயிலடியிலிருந்து அந்தப் பெண்ணைக் கூட்டிவந்தார்.

தோப்பில் இறக்கிவிட்டு, மாமி தைத்து வைத்திருந்த திண்டுகளை ஏற்றிப்போக வந்தவர், தன் சவாரியைப் பற்றித்தான் பேசினார். ஸ்லோவேனியா என்று ஒரு நாடாம். மேப்பில் பார்த்தால் நம் செம்பட்டி அளவுக்குத்தான் இருக்கிறதாம். பெயர் நேஜா. தனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாவற்றையும் வழி நெடுகச் செலவழித்துப் பார்த்தாராம். அந்தப் பெண் கையைக் கூப்பிச் சிரித்ததோடு சரி.

"ஊமையாப்பா?" என்று மாமி கேட்டார்.

"ஊமையெல்லாம் இல்ல மாமி. ஸ்டேசன்ல போன்ல பேசுனத நான் பாத்தேன். ஆட்டோவுல ஏறுனப்பெறகுதான் வாய மூடிக்கிருச்சு. ஆம்பளயாளு கூடப் பேசாது போல."

மாமி ஊசியை நிறுத்தி, "ம்" என்றார். அந்த "ம்"முக்குள் என்ன நடந்தது என்று எங்களுக்கு அப்போது தெரியாது.

அதற்கு முன்னால் தோப்புக்கு வந்தவர்கள் கூட்டமாக வந்தவர்கள். கிளிப்பச்சையும் ரோஸுமாக ஒட்டிப்போட்ட கால்சட்டையில் வந்து, தென்னை மரத்தைக் கட்டிப்பிடித்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மாமி ஜன்னலைச் சாத்திவிட்டுத் தைப்பார். நேஜா அப்படி இல்லை. தனியாக வந்திருந்தாள். விடிந்ததும் தொளதொளவென்று வெள்ளைச் சட்டையும் வெள்ளைப் பாவாடையும் உடுத்தி, பனிக்காக வெள்ளைத் துண்டால் தலையை மூடிக்கொண்டு, வேலிக்குப் பக்கத்துத் தென்னை அடியில் வந்து உட்காருவாள். உதிக்கிற சூரியன் கண்ணில் குத்தும் என்று மேற்கே பார்த்துத் திரும்பிக்கொள்வாள். கையில் ஒரு மணிமாலை. ஒவ்வொரு மணியாக விரல் தள்ளும். உதடு அசையும். அப்புறம் முட்டிபோட்டு, அப்படியே மடங்கி, நெற்றியைத் தரையில் வைத்துவிடுவாள். வைத்தால் வைத்ததுதான். தென்னை நிழல் அவள் முதுகின் மேல் இந்தப்பக்கமிருந்து அந்தப்பக்கம் நகர்ந்து போகும். அவள் எழுந்திருக்க மாட்டாள்.

மாமி ஜன்னலருகே நின்று இதைப் பார்த்தார். கையில் பஞ்சு அப்படியே இருந்தது.

மேற்கே பார்த்துத்தான் நாங்கள் தொழுவோம். தொழுகையில் நெற்றியைத் தரையில் வைப்பதற்குப் பெயர் சஜ்தா. மணி உருட்டினால் அது தஸ்பீஹ். வெள்ளை உடுத்தி, தலையை மூடி, அந்நிய ஆண்களோடு பேசாமல், வெளியே போகாமல் ஒரு பெண் இருந்தால் அது இத்தா. புருஷனைப் பறிகொடுத்தவள் ஒதுங்கி இருக்கிற காலம். மாமியும் அப்படி இருந்தவர்தான். இது போதாதென்று தோப்பில் இன்னொன்றும் நடந்தது. நடந்தது என்ன, நடக்கவில்லை. தோப்புச் சமையலறையில் பழனியம்மாள் அக்கா தென்னமட்டை வைத்துத்தான் அடுப்பெரிக்கும். புகை மரங்களுக்கு மேலே போய் நீலமாகப் படுத்திருக்கும். நேஜா வந்த நாளிலிருந்து அந்தப் புகையைக் காணவில்லை.

"யா அல்லா," என்றார் மாமி. "வேத்து நாட்டுல வந்து, சொந்தபந்தம் இல்லாம, ஒத்தையில கெடக்குறாளே."

எதற்கும் இளஞ்செழியனிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம் என்று எங்கள் அம்மா சொல்லிப் பார்த்தது. மாமி பார்த்த பார்வையில் பஞ்சு பற்றிக்கொள்ளாதது ஆச்சரியம். இத்தாவில் இருக்கிற பொம்பளையைப் பற்றி ஒரு ஆம்பளையிடம் போய் விசாரிப்பதா? கேட்டால் அந்தப் பெண்ணுக்குத்தான் கேவலம். பேச்சு அதோடு முடிந்தது.

இஷாக் அண்ணன் பிரியாணி வாங்கி வரவா என்று கேட்டு நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு எந்தத் துக்கத்துக்கும் தெரிந்த மருந்து அதுதான். மவுத்து வீட்டுக்கு யாராவது பிரியாணி அனுப்புவார்களா? மாமி குழைய வடித்து ரசம் ஊற்றிப் பிசைந்து, அவித்த முட்டை ஒன்றை வைத்து, தூக்குச் சட்டியை வேலிக்கு அடியில் நுழைத்து, அந்தப் பெண் உட்காரும் இடத்துக்குப் பக்கத்துக் கல்லில் வைத்தார். அவள் நெற்றியைத் தரையில் வைத்திருந்த நேரம் பார்த்துத்தான் வைத்தார். முகத்தைப் பார்த்துக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் என்பது மாமியின் அனுபவம்.

தூக்குச் சட்டியின் மூடியில் 'கி.மு. கமர்ஜஹான்' என்று பெயர் வெட்டியிருக்கும். கிதர் முகம்மதுவின் சுருக்கம் அது. கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய பாத்திரம் என்று நான் சொன்னதற்கு மாமியிடம் ஏற்கெனவே அகப்பைக் காம்பால் ஒன்று வாங்கியிருக்கிறேன்.

அந்தப்பக்கத்துக் கதையை நேஜா பிறகு சொன்னாள். இளஞ்செழியன் அண்ணன் தமிழில் எடுத்துச் சொல்ல, மாமி வீட்டில் உட்கார்ந்து நாங்கள் கேட்டோம்.

அவளுக்குத் தூக்கம் வராத வியாதி. ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக் கொடுப்பாளாம். படுத்தால் அந்தப் பிள்ளைகள் எல்லாம் கண்ணுக்குள் தண்ணியடித்துக்கொண்டே இருப்பார்களாம். தூக்கம் எப்போது அவளை விட்டுப் போனது என்று அவளுக்கே மறந்துவிட்டது. பேசாமல் இருந்து, வயிற்றைக் காயப்போட்டு, வெறும் பச்சைச் சாறு குடித்து வந்தால் தூக்கம் திரும்பும் என்று இளஞ்செழியன் அண்ணனின் விளம்பரத்தில் பார்த்துத்தான் கடல் தாண்டி வந்தாள். ஆட்டோவில் ஏறின நிமிஷத்திலிருந்து மௌனம். குடிசையில் கொசுவலைக்குள் படுத்தால், வலை மூச்சு விடுவது போல அசையும். பள்ளிவாசல் பாங்குச் சத்தமும் கோயில் ஒலிபெருக்கியும் ஒரே பனிக்குள் இருந்து வரும். ஒன்று முடிந்ததா, இன்னொன்று ஆரம்பித்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. தூங்குகிறோமா விழித்திருக்கிறோமா என்பதும் அதே மாதிரிதான் இருந்தது என்றாள்.

சாறு குடித்த முதல் நாளே பசி காதில் கேட்க ஆரம்பித்துவிட்டது. ஒரு காலையில், தென்னை அடியில் மடங்கிக் கிடந்தவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். வேலிக்கு மேலாக வெள்ளை வெள்ளையாக, சத்தமே இல்லாமல், சின்னச் சின்னதாக மிதந்து வந்துகொண்டிருந்தது. அவள் ஊரில் அப்படித்தான் பனி பெய்யுமாம். வெயில் சுள்ளென்று அடிக்கிறது, தென்னங்கீற்று பளபளக்கிறது, பனி பெய்கிறது. பசி மூளைக்கு ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். அந்தப் பனிக்கு அடியில் ஒரு கல். கல்லின் மேல் ஆவி பறக்கும் ஒரு பாத்திரம். இது கனவு என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. கனவில் சாப்பிட்டால் விரதம் கெடாது அல்லவா? வழித்துச் சாப்பிட்டாள். குழாயில் கழுவி, கீழே உதிர்ந்துகிடந்த நந்தியாவட்டைப் பூவைப் போட்டு மூடி, அதே கல்லில் வைத்தாள்.

மாமி அந்தப் பூவை எடுத்து வெகுநேரம் பார்த்தார். "துக்கத்துலயும் பாரேன், எம்புட்டு மரியாத," என்று எங்கள் அம்மாவிடம் சொன்னார்.

மறுநாள் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் போனது. அந்தப் பெண்ணும் மறுபடி அதே கனவைக் கண்டாள். ஆனால் அன்றைக்கு எறும்புக்கும் கனவு வந்துவிட்டது. சிந்தின தேங்காய்ப்பாலைத் தேடி எறும்புக் கூட்டம் வரிசை கட்டி வர, அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டே இளஞ்செழியன் அண்ணனும் வந்தார். சாயங்காலம் மாமி வீட்டு வாசலில் தூக்குச் சட்டியோடு நின்றார்.

"அக்கா, இது உங்க பாத்திரம்தானே?"

"பேரு வெட்டியிருக்குல்ல தம்பி, பெறகென்ன கேள்வி."

அண்ணன் கோபப்படத் தெரியாதவர். எதைச் சொன்னாலும் மூச்சை இழுங்கள், மூச்சை விடுங்கள் என்கிற அதே குரலில்தான் சொல்வார். வந்திருப்பவர் விரதத்தில் இருக்கிறார், அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார், அதைக் கெடுக்கக்கூடாது என்று விளக்கினார். பட்டினி போடவா கூட்டிவந்தாய் என்று மாமி கேட்டார். நான் போடவில்லை, அவர்களாகத்தான் சாப்பாடு வேண்டாம் என்றார்கள் என்றார் அண்ணன்.

மாமி தலையை ஆட்டிக்கொண்டார். எல்லாம் தெரிந்த மாதிரி ஆட்டினார்.

"வேணாம்னுதான் தம்பி சொல்லுவாங்க. அப்படிச் சொல்ற நேரத்துலதான் குடுக்கணும்."

அண்ணன் ஒரு மூச்சை இழுத்து விட்டார். இன்னொரு தடவை வேலி தாண்டி ஒரு பருக்கை வந்தாலும் மண்டபத்துத் திண்டு வேலையை மதுரைக்காரருக்குக் கொடுத்துவிடுவேன் என்று அதே மெத்துக் குரலில் சொல்லி, சட்டியை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார்.

அந்தத் திண்டு வேலை என்பது சும்மா இல்லை. தோப்பில் புதிதாகக் கட்டுகிற மண்டபத்துக்கு உட்காரவும் சாயவும் அத்தனை திண்டும் மாமிதான் தைத்துக்கொண்டிருந்தார். செம்பட்டியில் கட்டிக்கொடுத்த ரஃபியாக்காவுக்கு மாதம் ஏழு. தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குத்தான் வரும். அந்த வேலையை நம்பித்தான் மாமி தொட்டில், டாக்டர், குளிருக்கு ஒரு கம்பளி என்று மனசுக்குள் எல்லாம் வாங்கி அடுக்கி வைத்திருந்தார். மாமா போன பிறகு அந்த வீட்டுக்கு வந்த முதல் பெரிய வேலை அது.

அன்று சாயங்காலம் மாமி மிஷினை மிதிக்கவில்லை. பஞ்சுக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். வெளிச்சம் மஞ்சளாகி, சிவப்பாகி, அவர் மடியில் இருந்த பஞ்சும் அதே மாதிரி நிறம் மாறிக்கொண்டே வந்தது. நாளைக்கு மூன்றாம் நாள். ரெண்டு நாள் கொடுத்துவிட்டு மூன்றாம் நாள் நிறுத்தினால் அந்தப் பெண் கல்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வராத சோற்றுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்வது எப்படி இருக்கும் என்று எங்கள் சந்தில் மாமிக்கு மட்டும்தான் தெரியும்.

மறுநாள் விடிந்து வெயில் ஏறும்போது சந்து முழுக்க நெய் வாசம். மூன்றாம் நாளுக்கு நெய்ச்சோறும் தால்ச்சாவும்தான் வழக்கம். அந்த வாசம் வேலியைக் கேட்காமலே தோப்புக்குள் போய்விட்டது. அதற்கு மதுரையில் ஆள் பார்க்க முடியாது.

தைத்து முடித்த திண்டுகளை எல்லாம் இஷாக் அண்ணன் ஆட்டோவில் அடைத்தார் மாமி. மடியில் தூக்குச் சட்டி.

"வேல போயிரும் மாமி," என்றார் இஷாக் அண்ணன். "யோசிச்சுக்கங்க."

"வேலி தாண்டக்கூடாதுன்னுதானப்பா சொன்னான். வாசல் வழியா போறதப் பத்தி ஒன்னும் சொல்லலையே. வண்டிய எடு."

கொய்யா மரத்தின் உச்சிக் கொம்புக்குப் போனால் தோப்பின் முன்வாசலும் தெரியும். காதுக்கு எட்டாததை இஷாக் அண்ணன் பிறகு நிரப்பித் தந்தார்.

மாமி ஒவ்வொரு திண்டாக இறக்கி வாசலில் அடுக்கினார். இளஞ்செழியன் அண்ணன் வந்து நின்றதும், இதுவரைக்கும் தைத்தது இவ்வளவு, மிச்சத்தை யாரிடம் வேண்டுமானாலும் கொடுத்துக்கொள் என்றார். பிறகு சட்டியைக் காட்டி, இதை மட்டும் அந்தப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறேன் என்றார். அண்ணன் வழியை மறிக்கவும் இல்லை, விடவும் இல்லை. அப்படியே நின்றார்.

நெய் வாசத்தைப் பிடித்துக்கொண்டே வந்தவள் மாதிரி நேஜா மரங்களுக்கு நடுவில் நடந்து வந்தாள். வெள்ளை உடையில் நிழலும் வெயிலும் மாறி மாறி விழுந்தன. மாமியின் முக்காட்டில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்தாள். சட்டியைப் பார்த்தாள். கனவுக்கு ஒரு முகம் இருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

மாமி அவள் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"பொறுத்துக்கம்மா. எனக்கும் இப்படித்தான் ஆச்சு. இன்னக்கி மூணாம் நாளு. இன்னக்கி மட்டும் சாப்பிட்டுரு."

நேஜா வாயைத் திறந்தாள். வந்ததிலிருந்து முதல் பேச்சு. இந்த அம்மா என்ன சொல்கிறார் என்று இளஞ்செழியன் அண்ணனிடம் கேட்டாள். அண்ணனுக்கே விளங்கவில்லை. என்ன மூணாம் நாள் என்று மாமியைக் கேட்டார். வேறு வழியில்லாமல் மாமி, தலையைக் குனிந்துகொண்டு, அவர் பக்கம் பார்க்காமல், வெள்ளைத் துணி, தஸ்பீஹ், மேற்கே பார்த்து அம்புட்டு நீளமான சஜ்தா, எரியாத அடுப்பு என்று எல்லாவற்றையும் சொன்னார். அண்ணன் கேட்கக் கேட்க குடுமியைச் சொறிந்தார். பிறகு இங்கிலீஷில் சொன்னார். நேஜா தன் உடையைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். மணிமாலையைப் பார்த்துக்கொண்டாள். கண் பெரிதாகியது. ஏதோ மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா," என்றார் அண்ணன். "அவங்களுக்குக் கல்யாணமே ஆகல. வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்க. தூக்கம் வரலன்னு வந்திருக்காங்க. நீங்க பாத்தது ஆசனம். பழனியம்மாளுக்கு நான்தான் லீவு குடுத்தேன்."

மாமி அந்தப் பெண்ணின் கையை விட்டார்.

"யாரும் மவுத்தாகலயா?"

"யாருமே இல்லக்கா."

"அல்ஹம்துலில்லா," என்று நெஞ்சில் கை வைத்துத் தன் திண்டுகளில் ஒன்றின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். வேலை போனதை நினைத்து யாராவது அப்படிச் சிரிப்பார்களா? இஷாக் அண்ணன் சிரித்தார். நேஜாவும் சிரித்தாள். உச்சிக் கொம்பில் நானும் சிரித்ததில் ரெண்டு கொய்யாக்காய் விழுந்தன.

சிரிப்பு அடங்கியதும் நேஜா இன்னொன்று கேட்டாள். எனக்கும் இப்படித்தான் என்று இந்த அம்மா சொன்னாரே, அது என்ன?

மாமி வேண்டாம் என்று கையை ஆட்டினார். இஷாக் அண்ணன்தான் சொன்னார். தகரம், ஆஸ்பத்திரி, யாரும் வராத மூன்று நாள். இளஞ்செழியன் அண்ணன் அந்த வருஷம் பெங்களூரில் அறைக்குள் அடைந்து கிடந்தவர். தன் தோப்பு வேலிக்கு இந்தப்பக்கம் நடந்தது அவருக்கே அன்றைக்குத்தான் தெரியும். இங்கிலீஷில் சொல்லிக்கொண்டு வந்தவர் பாதியில் நிறுத்தி ஒரு மூச்சை இழுத்தார். விட மறந்துவிட்டார்.

நேஜா வாசல் மண்ணிலேயே உட்கார்ந்து நெய்ச்சோற்றைக் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டாள். 

மறுநாள் காலை தோப்புச் சமையலறையில் புகை எழுந்தது. பழனியம்மாள் அக்காவைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு நேஜா தானே அடுப்பை ஊதினாளாம். உருளைக்கிழங்கை அவித்து நசுக்கி, வெங்காயத்தை வதக்கிப் போட்டுப் புரட்டினாளாம். அவள் ஊரில் அதுதான் வீட்டுச் சாப்பாடு. கி.மு. காலத்துச் சட்டியில் அதை எடுத்துக்கொண்டு வேலிக்கு அடியில் குனிந்து நுழைந்து, தலையெல்லாம் குப்பையாக மாமி வீட்டுக்குள் வந்தாள். மாமி அப்போதுதான் டீ போட கேஸைத் திறந்திருந்தார். நேஜா போய் அதைத் திருகி அணைத்தாள். மூன்று விரலைக் காட்டினாள்.

மாமிக்குப் புரிந்தது. புரியாத மாதிரி நின்றார்.

"அதெல்லாம் வருசமாச்சு தாயி. இப்பப் போயி..."

நேஜாவுக்குத் தமிழ் தெரியாது. அடுப்பின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். யோகாக்காரி உட்கார்ந்தால் லேசில் எழுப்ப முடியுமா? மாமி அவளைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். கொடியில் இப்போது மாமாவின் சட்டை இல்லை. கொடி மட்டும் இருந்தது. மாமி மெதுவாகத் தரையில் உட்கார்ந்து சட்டியைத் திறந்தார். ஒரு வாய் வைத்தார்.

"உப்புப் போடவே இல்லடி," என்றார். சொல்லிவிட்டு அதையே சாப்பிட்டார். கண் மறைய முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, நிதானமாக, எல்லாவற்றையும் சாப்பிட்டார்.

எங்கள் அம்மாவுக்குச் சேதி போக எவ்வளவு நேரமாகும்? கொய்யா மரத்திலிருந்து குதித்தால் எங்கள் வீடு. ரெண்டாம் நாள் எங்கள் வீட்டு வெண்பொங்கல், கத்தரிக்காய் வெஞ்சனத்தோடு போனது. மூன்றாம் நாள் சோற்றுக்குச் சந்தே அடித்துக்கொண்டது. என் வீட்டுச் சோறு, உன் வீட்டுச் சோறு என்று மாமி வாசலிலேயே முணுமுணுப்பாகச் சண்டை. அதைக் கேட்டுத்தான் மாமி உள்ளே சத்தம் போட்டு அழுதார். மாமா போன பிறகு மாமி சத்தம் போட்டு அழுததை அன்றைக்குத்தான் சந்து கேட்டது. யாரும் உள்ளே போய்த் தேற்றவில்லை. சண்டையை மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் போட்டார்கள்.

இளஞ்செழியன் அண்ணன் ஒரு குலை இளநீரோடு வந்தார். அதை வாசலில் இறக்கிவிட்டு, எங்கேயோ பார்த்துக்கொண்டு, மண்டபத்துக்கு மிச்சத் திண்டு எப்போது வரும் என்று கேட்டார். அடுப்பு பற்ற வைத்த பிறகுதான் மிஷின் என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. அண்ணன் சரிங்கக்கா என்று விட்டுப் போன மூச்சு எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

அன்று மத்தியானம் சந்து சாப்பிட்டு ஓய்ந்துவிட்டது. வெயில் ஜன்னல் வழியாக இறங்கி மாமி வீட்டுத் தரையில் நீளமாகப் படுத்திருந்தது. உள்ளே மாமி சுவரோரம் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில், உறை தைக்காத பஞ்சுக் குவியலில் பாதி புதைந்து, நேஜா தூங்கிக்கொண்டிருந்தாள். கடல் தாண்டித் தேடி வந்த தூக்கம் ஓலைக் குடிசையிலும் பச்சைச் சாற்றிலும் இல்லாமல் இங்கே வந்து கிடந்திருக்கிறது. அவள் மூச்சு விடும்போது ஒரு பஞ்சு எழும்பும். மாமி மூச்சு விடும்போது அது கொஞ்சம் தள்ளிப் போகும். இறங்கலாமா வேண்டாமா என்று ரெண்டு பேருக்கும் நடுவில் அது அப்படியே மிதந்துகொண்டிருந்தது.

என் சட்டைப்பையில் ஒரு விசில் இருந்தது. ஊதினால் தாடிக்கொம்பு வரைக்கும் கேட்கிற சாதி. கை அந்தப்பக்கம் போகவில்லை.

கொய்யா மரத்தின் கொம்பு ஒன்றுகூட அசையாமல் கீழே இறங்குவது எப்படி என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.